கொட்டகையில் பிறந்த மோட்டார் சைக்கிள்கள்: மறந்துபோன முன்னோடிகளைத் தேடுவது எப்படி?

உலகின் முதல் மோட்டார் சைக்கிள் எது என்று தேடினால் ஓரிடத்தில் 1869 என்று வரும், இன்னோரிடத்தில் 1885 என்று வரும், மூன்றாவது இடம் 1894 என்று சொல்லும். இதற்கு நடுவில், ஏதோ ஒரு பழைய கொட்டகையில் துருப்பிடித்த வண்டி கிடைத்தது, அதைக் கட்டியவர் இவர்கள் எல்லோருக்கும் முந்தியவர் என்று ஒரு செய்தியும் அவ்வப்போது வந்துபோகும். படிப்பவருக்கு எதை நம்புவது என்றே தெரியாது.

ஆதாரம் இல்லாமல் பேசுவோரால் வரும் குழப்பம் ஒரு பக்கம். ஆனால் பெரும்பகுதி, கேள்வியையே தெளிவாகக் கேட்காததால் வருவது. "யார் முதலில்?" என்ற கேள்வியை வைத்துக்கொண்டு இந்தத் துறையில் வெகுதூரம் போக முடியாது. "இந்த வண்டியில் இவர் தன் கையால் செய்தது எது, எப்போது செய்தார், அதற்கு அந்தக் காலத்து ஆதாரம் என்ன?" என்று கேட்டால் பல பெயர்கள் வெளிச்சத்துக்கு வருகின்றன. சில பெயர்கள் உதிர்ந்தும் போகின்றன.

மூன்று ஆண்டுகளும் சரிதான்

முதலில் அடிப்படை. தன் சக்தியால் ஓடும் இருசக்கர வண்டி என்று மட்டும் வரையறுத்தால், நீராவியில் ஓடியவற்றையும் சேர்க்க வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ராக்ஸ்பரியைச் சேர்ந்த சில்வெஸ்டர் ரோப்பரும், பிரான்சில் லூயி-கியோம் பெரோவும் 1860களின் கடைசியில் தனித்தனியாக நீராவி இருசக்கர வண்டிகளைக் கட்டினார்கள். ரோப்பரின் வண்டியில் கரியால் எரியும் கொதிகலன் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே தொங்கியது. கைப்பிடியை முன்பக்கம் முறுக்கினால் நீராவி திறக்கும், பின்பக்கம் முறுக்கினால் பிரேக் பிடிக்கும். இன்றைய வண்டியில் கை செய்கிற வேலையின் ஆரம்பம் அங்கேயே தெரிகிறது.

பெட்ரோலில் ஓட வேண்டும் என்று வரையறையைக் குறுக்கினால் 1885 வருகிறது. ஜெர்மனியின் கான்ஸ்டாட்டில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் மரச்சட்டத்தில் 264 சிசி இன்ஜினைப் பொருத்தினார்கள். அரை குதிரைத்திறன், நிமிடத்துக்கு 600 சுற்று. கீழே விழாமல் இருக்கப் பக்கத்துக்கு ஒரு சிறு சக்கரம் வேறு. அவர்களுடைய நோக்கம் மோட்டார் சைக்கிள் விற்பது இல்லை, இன்ஜினைச் சோதித்துப் பார்ப்பதுதான்.

விற்பனைக்காகத் தொடர்ச்சியாகத் தயாரிக்கப்பட்டது எது என்று கேட்டால் விடை 1894க்கு நகர்கிறது. மியூனிக்கின் ஹில்டெபிராண்ட் - வோல்ஃப்முல்லர் வண்டி, 1,489 சிசி. பிஸ்டனிலிருந்து வரும் தண்டுகள் நேராகப் பின்சக்கரத்தையே சுழற்றின, அந்தச் சக்கரமே பிளைவீல் (சுழற்சியைச் சீராக்கும் கனச் சக்கரம்) வேலையையும் பார்த்தது.

ஆக மூன்று ஆண்டுகளும் சரி, மாறுவது வரையறை மட்டும். இனி எந்தச் செய்தியிலாவது "முதல்" என்று பார்த்தால், எந்த வரையறையில் என்று அடுத்த வரியிலேயே தேடுங்கள். அது இல்லை என்றால் அந்தச் செய்தியை நம்ப அவசரப்பட வேண்டாம்.

தனி ஆட்கள் களத்தில் இறங்கியது எப்படி?

1895 முதல் 1905 வரையிலான பத்து ஆண்டுகளில்தான் வீட்டுப் பட்டறை வண்டிகள் பல நாடுகளிலும் முளைத்தன. காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை.

1. சைக்கிள் மோகம். 1890களில் சைக்கிள் விற்பனை உச்சத்தைத் தொட்டது. சிறு ஊரில்கூட சைக்கிள் கடை, அதில் லேத், பித்தளையை உருக்கிக் குழாய்களை ஒட்டும் பிரேசிங் அடுப்பு, குழாய் வளைக்கத் தெரிந்த கை எல்லாம் இருந்தன. வண்டிக்குச் சட்டம் (ஃபிரேம்) தயார், செய்பவரும் தயார்.

2. சிறிய, வேகமான இன்ஜின். பிரான்சில் ஜார்ஜ் பூட்டோன் உருவாக்கிய டி தியோன்-பூட்டோன் இன்ஜின் 1895 வாக்கில் வந்தது. சுமார் 138 சிசிதான், ஆனால் நிமிடத்துக்கு 1,500 சுற்றும் அதற்கு மேலும் ஓடியது. டைம்லரின் வேகத்தைப் போல் இரண்டரை மடங்கு. பழைய இன்ஜின்களில் ஒரு குழாயைப் பழுக்கக் காய்ச்சி அதன் சூட்டில் எரிபொருளைப் பற்றவைத்தார்கள், பற்றும் நேரத்தைச் சரியாகக் கட்டுப்படுத்த வழியில்லை. பூட்டோன் பேட்டரியும் காயிலும் வைத்துச் சரியான கணத்தில் தீப்பொறி கொடுத்தார். சைக்கிள் தாங்குகிற எடையில் பயனுள்ள சக்தி கிடைத்தது. இந்த அமைப்பை ஐரோப்பாவும் அமெரிக்காவும் தாராளமாக நகலெடுத்தன.

3. வார்ப்புகள் விலைக்குக் கிடைத்தன. இது பலருக்குத் தெரியாத சங்கதி, இந்தத் துறையின் சாவியும் இதுதான். சிலிண்டர், கிராங்க் கேஸ் போன்றவற்றை உருக்கி வார்க்க ஃபவுண்டரி வேண்டும், அது வீட்டில் நடக்காது. ஆனால் கடையாத, துளையிடாத கரடுமுரடான வார்ப்புகளைத் தபாலில் வாங்க முடிந்தது. அவற்றை லேத்தில் போட்டுக் கடைந்து, அளவு பிடித்து, பொருத்தி, ஓட வைப்பது வாங்கியவர் பாடு.

கிளென் கர்டிஸ் கதையை இங்கே கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். நியூயார்க் மாநிலத்தின் ஹாமண்ட்ஸ்போர்ட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். 1901இல் பஃபலோவின் ஈ. ஆர். தாமஸ் நிறுவனத்திடமிருந்து வார்ப்புத் தொகுதி ஒன்றை வரவழைத்தார். இதை எப்படிப் பூட்டுவது என்று எந்தக் குறிப்பும் கூட வரவில்லை. கார்புரேட்டருக்காக அவர் எடுத்தது காலியான தக்காளி டின். உள்ளே கம்பி வலையை வைத்தார், பெட்ரோல் வலையில் ஊறி ஏறி ஆவியாகிக் காற்றோடு கலந்தது. அதே மனிதர் 1907 ஜனவரியில் ஃபுளோரிடாவின் ஆர்மண்ட் கடற்கரையில், தானே கட்டிய எட்டு சிலிண்டர் வண்டியில் மணிக்கு 136.36 மைல், அதாவது சுமார் 219 கிலோமீட்டர் வேகத்தில் போனார். டின் டப்பாவிலிருந்து அந்த வேகத்துக்கு ஆறே ஆண்டுகள்.

கர்டிஸ் பின்னால் விமானத் துறையில் பெரிய பெயர் ஆனதால் தக்காளி டின் கதை தப்பிப் பிழைத்தது. அதே வார்ப்புகளை வாங்கி, அதே பாட்டைப் பட்டு, வண்டியையும் ஓட்டிவிட்டு, அப்புறம் வேறு வேலைக்குப் போனவர்களும் உண்டு. நாம் தேடுவது அவர்களைத்தான்.

ஹார்லி-டேவிட்சன் ஆரம்பமும் இந்த உலகத்தில்தான். வில்லியம் ஹார்லி 1901இல் சைக்கிளுக்கான 116 சிசி இன்ஜின் ஒன்றை வரைந்தார். ஆர்தர் டேவிட்சனோடு சேர்ந்து கட்டி முடித்தபோது, மில்வாக்கியின் மேடுகளில் பெடல் மிதிக்காமல் அது ஏறவில்லை. அடுத்து 405 சிசியில் பெரிய இன்ஜின், அதைத் தாங்க உறுதியான சட்டம். 1905 ஜனவரியில் அவர்கள் கொடுத்த சிறு விளம்பரம் முழு வண்டிக்கானது அல்ல, தாமாகவே வண்டி கட்டிக்கொள்கிறவர்களுக்கு வெறும் இன்ஜின் விற்கத்தான். அப்படி வாங்குகிற கூட்டம் இல்லாவிட்டால் அந்த விளம்பரத்துக்கு அர்த்தமே இல்லை.

"வீட்டில் கட்டியது" என்றால் எந்த அளவுக்கு?

குடும்பத்தில் "தாத்தா கட்டிய வண்டி" என்பார்கள். அந்த ஒரே சொல் நான்கு வெவ்வேறு உழைப்புகளைக் குறிக்கலாம்.

1. எல்லாமே சொந்தம். இன்ஜினை வடிவமைத்து, மர அச்சு செய்து, வார்த்து, கடைந்து பூட்டியது. மிக அபூர்வம். ஒசாகாவின் நராசோ ஷிமாசு 1909இல் இன்ஜின் உட்பட ஜப்பானிலேயே செய்த மோட்டார் சைக்கிளை ஓட்டினார். யார்க்‌ஷயரின் ஆல்ஃபிரட் ஸ்காட் தானே வடிவமைத்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினை சைக்கிளில் பொருத்திச் சோதித்துத்தான் 1908 வாக்கில் தொழிலுக்கு வந்தார்.

2. வார்ப்பு வாங்கி, மற்றதைத் தானே செய்தது. கர்டிஸ் தொடங்கியது இந்த வகையில்.

3. முழு இன்ஜினை வாங்கி, சட்டத்தைத் தானே கட்டியது. இதைக் குறைவாக எண்ண வேண்டாம். டிரையம்ஃப் நிறுவனத்தின் 1902 வண்டியிலேயே பெல்ஜியத்தின் மினர்வா இன்ஜின்தான் இருந்தது.

4. கடையில் வாங்கிய சைக்கிளில் கடையில் வாங்கிய இன்ஜினைப் பூட்டியது.

நான்கும் மதிக்க வேண்டிய வேலைகளே. முதல் வகையையும் நான்காம் வகையையும் "கண்டுபிடித்தார்" என்ற ஒரே சொல்லில் அடைப்பதுதான் தவறு. எந்தப் பாகம் யாருடையது என்று பிரித்து எழுதிய குறிப்பு, அலங்காரமான பத்துப் பக்கக் கட்டுரையைவிட ஆராய்ச்சிக்கு உதவும்.

பெயர்கள் எப்படித் தொலைகின்றன?

எட்வர்ட் பட்லர் என்ற ஆங்கிலேயர் 1884இலேயே லண்டன் ஸ்டான்லி சைக்கிள் கண்காட்சியில் தன் பெட்ரோல் வண்டியின் வரைபடங்களைக் காட்டினார். டைம்லர் வண்டி ஓடுவதற்கு ஓராண்டு முன்பு. 1888இல் வண்டி தயாரானது. மூன்று சக்கரம் என்பதால் கறாரான பட்டியல்களில் இடம் பெறாது, ஆனால் மிதவை வைத்த கார்புரேட்டர் அதில் இருந்தது. ஓட்டத்தான் சாலை இல்லை. அன்றைய பிரிட்டிஷ் சட்டம் தானாக ஓடும் எந்த வண்டிக்கும் ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் என்று வரம்பு விதித்திருந்தது. முன்னால் ஒரு ஆள் நடந்து போகவும் வேண்டும். மனிதன் நடக்கும் வேகத்தில் ஓடும் வண்டிக்கு யார் பணம் போடுவார்கள்? 1896இல் பட்லர் தன் வண்டியைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, காப்புரிமையை ஹாரி லாசன் என்ற தொழிலதிபருக்கு விற்றார். அதே ஆண்டு சட்டம் தளர்ந்து வரம்பு 14 மைல் ஆனது. படிக்கும்போது மனம் கனக்கிறது.

அதே லாசன் அமெரிக்கர் எட்வர்ட் ஜோயல் பென்னிங்டனின் காப்புரிமைகளுக்கு 1,00,000 பவுண்டு கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. பென்னிங்டன் வண்டி ஆற்றைத் தாண்டிப் பாய்வது போலப் படம் போட்டு விளம்பரம் செய்தவர், சொன்ன வேகங்களும் நம்பத் தக்கவை அல்ல. விளம்பரத்தை மட்டும் ஆதாரமாக எடுத்தால் பென்னிங்டன் பெரிய ஆளாகவும் பட்லர் இல்லாத ஆளாகவும் தெரிவார்கள்.

சட்டம் முடக்கியது ஒரு வகை, விளம்பரம் மறைத்தது இன்னொரு வகை. மூன்றாவது வகை, பெயர் மாறிப்போவது. ரோப்பரின் வண்டியை ஆஸ்டின் என்ற வித்தை காட்டுபவர் சந்தைகளில் காட்சிக்கு வைத்தார். விளைவு, "1868இல் ஆஸ்டின் கட்டிய நீராவி வண்டி" என்று சில வரலாற்றுக் குறிப்புகள் எழுதின. ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுத, தவறு வேர்விட்டது. ரோப்பரோ 1896 ஜூன் 1 அன்று, 72 வயதில், கேம்பிரிட்ஜ் சைக்கிள் பந்தயத் திடலில் தன் புதிய நீராவி வண்டியைப் பந்தய வீரர்களோடு ஓட்டிக் காட்டும்போது விழுந்து இறந்தார். காரணம் இதயச் செயலிழப்பு. வாழ்நாள் முழுக்க வண்டி கட்டியவர், வண்டி மேலேயே உயிரை விட்டவர். அவர் கட்டியதை இன்னொருவர் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். இதைத் திருத்துவது வெறும் தகவல் சரிபார்ப்பு என்று எனக்குத் தோன்றவில்லை, அவருக்குச் செய்ய வேண்டிய நியாயம்.

காகிதத்தில் தேட வேண்டியவை

பலமான ஆதாரம் என்பது, வண்டி கட்டிய காலத்திலேயே எழுதப்பட்டு, தேதியும் இருக்கும் ஆவணம். ஐம்பது ஆண்டு கழித்துச் சொன்ன நினைவு ஒரு துப்பு, அவ்வளவுதான்.

1. உள்ளூர்ப் பத்திரிகைகள். ஆஸ்திரேலியாவின் டிரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா, பிரான்சின் காலிகா ஆகிய களஞ்சியங்கள் பழைய பத்திரிகைகளை இலவசமாகத் தேட வழி செய்திருக்கின்றன. "மோட்டார் சைக்கிள்" என்று மட்டும் தேடாதீர்கள். அன்று அது மோட்டார் பைசிகிள், மோட்டோசைக்கிள், பெட்ரோல் சைக்கிள், ஆட்டோ-பை என்று பல பெயர்களில் திரிந்தது. பழைய பக்கங்களைத் தேடுவதற்கேற்ற எழுத்தாக மாற்றிய கணினி சில எழுத்துகளைத் தப்பாகப் படித்திருக்கும், ஆகவே ஆள் பெயரையும் தெருப் பெயரையும் போட்டுத் தேடுங்கள். குதிரை மிரண்டது, ஓட்டுநருக்கு அபராதம் போன்ற இரண்டு வரிச் செய்திதான் பல நேரம் வண்டி ஓடியதற்கு முதல் சாட்சி.

2. காப்புரிமை. காப்புரிமை இருந்தால் யோசனைக்குத் தேதி கிடைத்தது என்று அர்த்தம். வண்டி ஓடியது என்று அர்த்தம் இல்லை. பிரிட்டிஷ் காப்புரிமைகளில் ஒரு சிக்கல் உண்டு: 1915 வரை ஒவ்வோர் ஆண்டும் எண் ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். ஆண்டு இல்லாத எண்ணால் பயன் இல்லை.

3. பதிவேடுகள். பிரிட்டனில் 1904 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு மோட்டார் வண்டியும் கவுன்சிலில் பதிவாக வேண்டும். அந்தக் கையெழுத்துப் பேரேடுகள் பல, மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இன்றும் இருக்கின்றன. தயாரிப்பாளர் என்ற கட்டத்தில் பிரபல நிறுவனத்தின் பெயருக்குப் பதில் உரிமையாளரின் பெயரே இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1901இலேயே பதிவைத் தொடங்கியது.

4. புகைப்படம். வண்டியைப் பார்ப்பதற்கு முன் பின்னணியைப் பாருங்கள். கடைப் பலகை, எண் தகடு, தெருவிளக்கு, உடை எல்லாம் காலம் சொல்லும். பின்புறம் பென்சிலில் எழுதிய தேதி எப்போது எழுதப்பட்டது என்பது தனிக் கேள்வி.

அதிகாரப்பூர்வ எண் என்பதால் கண்ணை மூடி ஏற்கவும் வேண்டாம். நியூசிலாந்தின் பர்ட் மன்ரோ, இண்டியன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய வண்டிக்குப் பிஸ்டன்களைத் தானே வார்த்து ஓட்டியவர். 1967இல் பான்வில் உப்புத் திடலில் அவர் படைத்த சாதனை மணிக்கு 183.586 மைல் என்று பதிவானது. சராசரி எடுத்ததில் பிழை இருப்பதை அவர் மகன் கவனித்துச் சொல்ல, 2014இல் அது 184.087 என்று திருத்தப்பட்டது. 47 ஆண்டுகள் யாரும் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை.

இரும்பு சொல்லும் சாட்சி

வண்டியே கையில் இருந்தால் பாகங்கள் பேசும். ஆனால் ஒரு பாகத்தின் வயது வண்டியின் வயது ஆகிவிடாது. சட்டத்தில் உள்ளவற்றிலேயே புதிய பாகத்தின் காலத்துக்குப் பிறகுதான் வண்டி இன்றைய வடிவத்துக்கு வந்திருக்கும்.

பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வை முதலில் பாருங்கள். ஆரம்ப இன்ஜின்களில் அதைத் தள்ளித் திறக்கும் கேம் என்ற சுழல் பாகம் கிடையாது. மெல்லிய ஸ்பிரிங் மட்டும் மூடி வைத்திருக்கும், பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலே வால்வைத் திறந்துவிடும். வேகம் கூடக்கூட இந்த முறை தடுமாறியது, 1910ஐ ஒட்டிப் பெரும்பாலும் மறைந்தது. கையால் விரலை வைத்து அழுத்தினாலே அந்த வால்வு திறக்கும், தனியாகச் சோதனைக் கருவி வேண்டாம்.

இன்ஜின் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் துப்பு. பாரிசின் வெர்னர் சகோதரர்கள் 1897இல் அதை முன்சக்கரத்துக்கு மேல் வைத்தார்கள், 1901இல் பெடல் அச்சு இருக்கும் இடத்துக்கு இறக்கினார்கள். எடை தாழ்ந்ததும் வண்டி சறுக்குவது குறைந்தது, பிறகு எல்லோரும் அந்த வழிக்கே வந்தார்கள். வீட்டுப் பட்டறைக்காரர் கைக்குக் கிடைத்ததைப் போட்டவர் என்பதால், பழைய அமைப்பு இருப்பதாலேயே வண்டி பழையது என்று முடிவு கட்டவும் முடியாது.

மிக அதிகமாக ஏமாற்றும் அடையாளம், மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய, பிரிட்டிஷ் நிறுவனமான பிஎஸ்ஏவின் முத்திரை. அந்த நிறுவனம் சட்டம் கட்டுவதற்கான இணைப்பு உறுப்புகளைச் சிறு கடைகளுக்கு விற்றது, அவற்றில் இந்த முத்திரை இருக்கும். பிஎஸ்ஏ தன் சொந்த மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தது 1910இல்தான். 1905 வண்டியில் அந்த முத்திரையைக் கண்டால், கட்டியவர் வேறொருவர். பிஎஸ்ஏ என்று பெயர்ப்பலகை மாட்டி அவரை இன்னொரு முறை மறக்கடித்துவிடாதீர்கள்.

மரைகளையும் அளந்துவிடுங்கள். அமெரிக்க ஆரம்ப கால ஸ்பார்க் பிளக்குகள் அரை அங்குலக் குழாய் மரையில் வந்தன, ஐரோப்பாவில் 18 மில்லிமீட்டர். இன்ஜின் எந்தக் கண்டத்திலிருந்து வந்திருக்கும் என்று இதுவே ஊகிக்க உதவும். கூட்டல் குறி வெட்டிய திருகு தென்பட்டால் அது 1930களுக்குப் பிறகு யாரோ தொட்ட இடம்.

தேதி மாறினால் என்ன மாறும்?

இது சொல் சண்டை அல்ல. பிரிட்டனில் சன்பீம் மோட்டார் சைக்கிள் கிளப் 1930 முதல் நடத்தும் பயனியர் ரன், 1915க்கு முந்தைய வண்டிகளுக்கு மட்டும். ஓராண்டு முன்னே பின்னே போனால் ஒரு வண்டி உள்ளே வரும் அல்லது வெளியே நிற்கும். ஏலத்திலும் காப்பீட்டிலும் தேதிச் சான்று விலையோடு பேசுகிறது. பணம் உள்ளே வந்ததும் வண்டியை இன்னும் பழையதாகக் காட்டும் ஆசையும் வரும். பழைய இன்ஜின் ஒன்றைச் சுற்றி நேற்றுக் கட்டிய சட்டம், "வீட்டில் செய்தது" என்ற பெயரில் எளிதாக நுழைந்துவிடும். தொழிற்சாலை வண்டிக்கு உற்பத்திப் பேரேடு உண்டு, இதற்குக் கிடையாது. ஆகவே சந்தேகத்தின் பளுவும் இதன்மீதே கூடுதலாக விழ வேண்டும்.

நகல் என்று சொல்லிவிட்டுச் செய்யும் நகலில் குற்றம் இல்லை. டைம்லரின் மூல வண்டி 1903இல் கான்ஸ்டாட் தொழிற்சாலைத் தீயில் அழிந்தது. அருங்காட்சியகங்களில் இருப்பவை பின்னால் செய்த பிரதிகள், அப்படியே சொல்லப்படுவதால் யாரும் ஏமாறுவதில்லை.

உங்கள் கைக்கு அப்படி ஒரு வண்டி வந்தால், வரிசை இதுதான்:

1. எதையும் தேய்க்காதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். அரம் பட்ட கோடும் பிரேசிங் வழிந்த இடமும்தான் கட்டியவரின் கையெழுத்து. மணல் வீசிச் சுத்தம் செய்தால் அது திரும்ப வராது.

2. கிடந்த இடத்திலேயே எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். ஒவ்வொரு முத்திரை, எண், மரைக்கும் பக்கத்தில் அளவுகோல் வைத்துத் தனிப்படம் எடுங்கள். சுற்றிக் கிடக்கும் மர அச்சு, வரைபடம், கடைச் சீட்டு எதையும் குப்பையில் போட வேண்டாம். மர அச்சு ஒன்று கிடைத்தால், எல்லாமே சொந்தமாகச் செய்த முதல் வகை வண்டி என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று இல்லை.

3. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கைமாறிய வரிசையை எழுதுங்கள். ஆவணம் உள்ள கண்ணி, குடும்பம் சொல்லும் கண்ணி, ஊகிக்கும் கண்ணி என்று மூன்றாகப் பிரித்துக் குறியுங்கள்.

4. வயதானவர்கள் இருந்தால் இந்த வாரமே போய்க் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பதிவில் அவர் முழுப்பெயர், கட்டியவருக்கு என்ன உறவு, நேரில் பார்த்ததா காதால் கேட்டதா என்பது இருக்கட்டும். படங்களோடு அதன் நகலை உள்ளூர் ஆவணக் காப்பகத்திலும் கொடுத்து வையுங்கள். வண்டி விற்கப்பட்டு வேறு நாடு போனாலும் காகிதம் அந்த ஊரிலேயே இருக்கும்.